உடைவதற்கு முன்னால் சொல்கிறவர்

அவருடைய பெயரை நான் சொல்லப் போவதில்லை. மரியாதைக்காக என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெயர் என் வாயில் வரக் கூடாது என்று ஒரு பிடிவாதம், அவ்வளவுதான். லேபில் எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிட்டோம். இங்கேயும் அண்ணன் என்றே இருக்கட்டும்.

மதுரையில் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே நான் பிஎச்.டி. ஆராய்ச்சி மாணவி, அவர் லேப் டெக்னீஷியன். நாற்பதுக்கு ஒன்றிரண்டு வயது குறைவாக இருக்கும். விளாங்குடியில் வீடு, கன்சாலிடேட்டட் சம்பளம் என்கிற தற்காலிகத் தொகுப்பூதியம், இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று பத்து வருடமாக இழுத்துக்கொண்டிருந்த நிரந்தர ஆர்டர். சட்டைப்பையில் பேனா இருக்காது. கண்ணாடி மேலும் பிளாஸ்டிக் மேலும் எழுதுகிற மெழுகுப் பென்சில் ஒன்று இருக்கும், சிவப்பு நிறத்தில். அதைக் காதில் சொருகிக்கொண்டு நடந்தால் தச்சு ஆசாரி மாதிரி இருப்பார்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கை. "ஒடையிறதுக்கு முன்னாடி சொல்லிப்புடணும் தங்கச்சி. ஒடஞ்சப்பெறகு ஊரே சொல்லும்."

எங்கள் வேலையே உடைப்பதுதான் என்பதால் இது சாதாரணப் பேச்சு இல்லை. எபாக்சி என்கிற பிசின் இருக்கிறதே, கடினப்படுத்தும் திரவத்தைக் கலந்து ஓவனில் வைத்தால் கல்லாக இறுகும். ஆனால் பாகு முற்றிய கடலை மிட்டாய் மாதிரி, ஒரு தட்டு தட்டினால் படக்கென்று விட்டுவிடும். அதைச் சுலபத்தில் உடையாமல் ஆக்குவதுதான் என் ஆராய்ச்சி. திரவமாக இருக்கும் ஒருவகை ரப்பரைக் கலந்தால், பிசின் இறுகும்போது ரப்பர் பொடிப்பொடி உருண்டைகளாகப் பிரிந்து உள்ளேயே தங்கிவிடும். விரிசல் ஓடி வரும்போது அந்த உருண்டைகள் வழிமறிக்கும். ஆனால் ரப்பர் சேர்ந்தால் விறைப்பு குறைந்துவிடும். அதை மீட்கத்தான் களிமண். ஆமாம், களிமண்தான். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஏடுகளாக அடுக்கிய மண். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிய அப்பளக் கட்டு மாதிரி இருக்கும். எண்ணெய்ப் பசையுள்ள ஒரு பொருளை முன்கூட்டியே ஏற்றிய மண்ணாக இருந்தால்தான் பிசின் உள்ளே புகுந்து ஒவ்வொரு ஏட்டையும் பிரிக்கும். அப்படிப் பக்குவப்படுத்திய மண் ஒரே ஒரு டப்பா எங்கள் லேபில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வர நாலு மாதம் ஆனது.

நான் கலப்பேன், வார்ப்பேன், விரல் நீளத்துக்கு அறுத்துக் கொடுப்பேன். அண்ணன் ஒவ்வொரு துண்டிலும் நடுவே சின்னதாக ஒரு வெட்டுப் போடுவார். கீழ்ப்பாதியை வைஸ் என்கிற இரும்புப் பிடியின் வாய்க்குள் இறுக்குவார். ஊஞ்சல் மாதிரி ஒரு சுத்தியல் ஆடி வந்து மேல்பாதியை அடித்துப் பறக்கவிடும். உடைக்க எவ்வளவு சக்தி வேண்டியிருந்தது என்று முள் காட்டும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு. துண்டுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் அது சீக்கிரம் உடையும். அப்படிப்பட்ட துண்டைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நியாயம்தான். எப்போது விடுவது என்பதுதான் கேள்வி. அண்ணன் ஒவ்வொரு துண்டையும் டியூப் லைட்டில் பிடித்துப் பார்ப்பார். ரப்பர் சேர்ந்தது பால் மாதிரி மங்கலாக இருக்கும், வெளிச்சம் ஊடுருவாது. அதை நகத்தால் தட்டிக் காதோரம் வைப்பார். பிடிக்கவில்லை என்றால் சிவப்புப் பென்சிலால் அதன் நெஞ்சில் ஒரு பெருக்கல் குறி. அது போச்சு, உடைக்கவே மாட்டார். பிடித்திருந்தால், "நல்ல பீசு, எழுதிக்க தங்கச்சி" என்பார். நான் நோட்டில் எழுதுவேன். எழுதிய பிறகு முள் எதைக் காட்டினாலும் அதுதான்.

ஒருநாள் ஒரு துண்டு பரிதாபமாக உடைந்தது. உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தேன், ஓரத்தில் ஒரு குமிழி. "அண்ணே, குமிழி இருக்குண்ணே, இத விட்டுருவோம்" என்றேன்.

"முன்னாடி சொன்னியா?"

"உள்ள இருந்ததுண்ணே, எப்படித் தெரியும்?"

"தெரியலேல்ல? அப்ப எழுது. நம்பர் கொறஞ்சா குமிழிம்போம், நம்பர் கூடுனா கமுக்கமா இருந்துக்கிருவோம். மனுசப் புத்தி அம்புட்டுத்தேன்."

எழுதினேன். அன்றைக்கு அவர் மேல் வந்த மரியாதை இருக்கிறதே, என் ஆராய்ச்சிக்குக் கைடாக இருந்த சாருக்குக்கூட நான் அதைக் கொடுத்ததில்லை.

லேபோடு விட்டாரா என்றால் அதுதான் இல்லை. அவரிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. அதை வாங்க ஒரு ஆள் வந்தார். வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, பிடித்துப்போய், வாங்குகிற முடிவோடு நிற்கிறார். அண்ணன் ஆரம்பித்தார்: "மேட்டுல ஏறாது. பின் பிரேக்கு பேருக்குத்தேன். மழையில நனஞ்சா ரெண்டு நாளைக்கு மூச்சு விடாது. சீட்டுக்கடியில ஒரு ஆணி இருக்கு, அது எப்ப மேல வரும்னு அதுக்கே தெரியாது." வந்த ஆள் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விட்டார். கடைசியில் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதற்குப் பிறகு அண்ணன் ஆரப்பாளையம் வந்து பஸ் மாறித்தான் பசுமலை வருவார். பஸ்ஸிலும் ஏறுவதற்கு முன்பே, படியில் கால் வைக்காமல், "அண்ணே, நூறு ரூவாத் தாளுதேன் இருக்கு, ஏறலாமா?" என்று கண்டக்டரைக் கேட்பார். "காலங்காத்தாலயே வந்துட்டான்யா அரிச்சந்திரன்" என்று சொல்லி விசில் ஊதிவிடுவார்கள். அண்ணன் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். வேர்க்க விறுவிறுக்க லேட்டாக வந்து இதை அவரே சொல்லிச் சிரிப்பார். நாங்களும் சிரிப்போம்.

நானும் அந்தக் கொள்கையில் விழுந்தவள்தான். மஹால் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசல் தாண்டினால் தமிழ். அப்பாவுக்கு ஜவுளிக் கடையில் கணக்கு வேலை. பெண் இன்னும் படிக்கிறாளா என்று உறவில் கேட்காதவர்கள் இல்லை. ஒரு பங்குனி மாதம் திண்டுக்கல்லிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. லேபில் உட்கார்ந்து அழுதேன். கல்யாணம் ஆனால் தீசிஸ் போச்சு என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். "இதுக்கு ஏன் அழுகுற? வாரவுககிட்ட முன்னாடியே சொல்லிப்புடு. தீசிஸ் குடுத்தாத்தேன் கல்யாணம்னு. புடிக்கலைன்னா அவுக போகட்டும். ஒடஞ்சப்பெறகு சொல்லி என்னத்துக்கு ஆகும்?"

சொன்னேன். காப்பித் தட்டோடு நின்றுகொண்டே சொன்னேன். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒளிக்காமல் பேசுகிற பெண்" என்று எங்கள் பேச்சில் சொன்னார். "தை வரைக்கும் பொறுக்கிறோம். தை பிறந்தால் முகூர்த்தம். அதற்குள் முடித்துக்கொள்." அப்பா தலையாட்டினார். பத்து மாதம் கிடைத்தது. அதற்குள் தாராளமாக முடியும், உடைக்க வேண்டிய துண்டுகள் கொஞ்சம்தான் பாக்கி. அடுத்த நாள் அண்ணனுக்கு மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போனேன். இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முந்தைய ஐப்பசியில் தீபாவளிக்கு நான் ஒரு வாரம் லீவில் இருந்தேன். திரும்பி வந்து களிமண் டப்பாவைத் திறந்தபோது வாசனை மாறியிருந்தது. அந்த மண்ணுக்கு லேசான மெழுகு வாசம் உண்டு. இப்போது ஒன்றுமே இல்லை. நிறமும் ஒரு சாயல் மங்கல்.

"அண்ணே, இந்த டப்பா வாசமே இல்லையேண்ணே?"

அவர் வைஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "தொறந்து நாளாச்சுல்ல? வாசம் எம்புட்டு நாளைக்கு நிக்கும்?"

உலகத்தில் வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் இன்னொரு கேள்வி கேட்டிருப்பேன். சொன்னவர் மொபெட் சீட்டு ஆணியைச் சொன்ன மனுஷன். கேட்கவில்லை.

அந்த மண்ணில் நாற்பத்திரண்டு துண்டு செய்தேன். ஒன்றைக்கூட அவர் ஒதுக்கவில்லை. "கை தேறிருச்சு தங்கச்சி உனக்கு, ஒண்ணுகூடக் கழிவு இல்ல" என்றார். அடியைத் தாங்குவது ரப்பர்தானே, முள்ளும் நல்ல எண்களைத்தான் காட்டியது. உடைந்ததும் மேல்பாதியை என்னிடம் கொடுப்பார். நான் லென்ஸில் பார்த்துப் பத்திரப்படுத்துவேன். வைஸில் மாட்டியிருக்கும் கீழ்ப்பாதியை அவரே கழற்றி, காகித உறையில் போட்டு, நூல் கட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்குவார். அந்த நறுவிசைப் பார்த்து, இப்படி ஒரு ஆள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று வீட்டில் போய்ச் சொல்வேன்.

ஆனியில் சார், களிமண் ஏடுகள் பிரிந்திருப்பதை எக்ஸ்ரே எடுத்துக் காட்டிவிட்டால் தீசிஸ் எழுதத் தொடங்கலாம் என்று நான்கு மேல்பாதிகளை வெளியூர் லேபுக்கு அனுப்பினார். பதில் வந்தது. ஏடுகள் பிரியவில்லை, நீங்கள் குறிப்பிட்ட பக்குவப்படுத்திய மண் இதில் இல்லவே இல்லை, இது சாதாரண மண்.

சார் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். கடிதம் மேசையில் கிடந்தது.

"ஏம்மா, என்னத்தக் கலந்த?"

"டப்பாவுல இருந்ததுதான் சார்."

"இருந்தது வேற, போட்டது வேறன்னு எழுதியிருக்கான். ரிசல்ட் வரணுங்கிறதுக்காக எதையாவது..." பாதியில் நிறுத்தினார். அந்தப் பாதி போதும். அண்ணன் பக்கம் திரும்பினேன்.

"அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே. நம்ம ஸ்டோர்ல இருந்த அதே டப்பாதானே?"

அண்ணன் மேசைக்காலைப் பார்த்தபடி நின்றார். "எனக்குத் தெரியாதுங்க சார். ஒடைக்கிறதுதேன் என் வேலை. கலக்குறதெல்லாம் மேடம்தான்."

மேடம். மூன்று வருடத் தங்கச்சி ஒரு நொடியில் மேடம் ஆகிவிட்டேன். அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எப்படிச் செய்தார் என்று தெரியாது, செய்தது அவர்தான் என்று தெரிந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி விளாங்குடிக்குப் போனேன். அவருடைய மனைவி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க, வாங்க. இவுகளுக்கு எந்நேரமும் உங்க பேச்சுத்தேன்." இரண்டு பெண் குழந்தைகள் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தன. அண்ணன் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்.

தீபாவளி மழையில் ஸ்டோர் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருக்கிறது. டப்பாவின் மூடியைச் சரியாக மூடாமல் விட்டது அவர். மண் முழுக்க நனைந்து கட்டியாகிவிட்டது. அந்த வாரம்தான் அவருடைய நிரந்தர ஆர்டர் ஃபைல் மேலிடத்துக்குப் போயிருந்தது. ஹாஸ்டலுக்குப் போர் போட வந்தவர்கள் குழி சரியாமல் இருக்கக் கரைத்து ஊற்றும் பென்டோனைட் மண் அரை மூட்டை விட்டுப் போயிருந்தார்கள். அதைச் சலித்து டப்பாவில் நிரப்பிவிட்டார்.

"அதுவும் அதே வகை மண்ணுதேன்னு சார் ஒருக்கா சொன்னாருல்ல? அதான் ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன் தங்கச்சி. அப்பறம் நானே அத மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன். லெட்டர் வரவுந்தேன் ஞாபகமே வந்துச்சு."

"சார்கிட்ட என்னைய மாட்டிவிட்டீங்களேண்ணே. வேலியே பயிர மேஞ்சா நான் யார்கிட்டண்ணே போவேன்?"

அவர் அழுதார். நாற்பது வயது ஆம்பிளை அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "ஆவணியில ஆர்டர் வந்துரும். வந்த மறுநாளே சார்கிட்ட நானே சொல்லிர்றேன். அதுவரைக்கும் மட்டும் பொறுத்துக்க. இந்தப் புள்ளைகளப் பாத்துக்க."

பொறுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொண்டது மட்டுமா? சாரிடம் போய், வேறு டப்பாவைத் தவறுதலாக எடுத்துவிட்டேன் என்று என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். சார் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை. "புது மண்ணு வர நாலு மாசம். அப்புறம் முதல்லேர்ந்து பண்ணணும். ஒரு வருஷம் ஆகும்" என்றார்.

ஆவணியில் ஆர்டர் வந்தது. லேபுக்கு அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கும் ஒரு பொட்டலம். மறுநாள் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. சாரிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

வீட்டில் இன்னும் ஒரு வருடம் கேட்டேன். அப்பா கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். "தை வரைக்கும் என்று நீதானே அம்மா எல்லார் முன்னாலும் கேட்டு வாங்கினாய்? அவர்கள் சொன்னபடி காத்திருந்தார்கள். நாம் சொன்ன சொல்லை இப்போது எப்படி மாற்றுவது?" என்றார். முன்னாடியே சொன்னதுதான் என் கழுத்துக்குக் கயிறாக வந்தது.

தை பிறந்தது. கல்யாணத்துக்கு அண்ணன் குடும்பத்தோடு வந்தார். எவர்சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார். "நல்லா இருக்கணும் தங்கச்சி" என்று சொல்லும்போது குரல் உடைந்தது. அந்த மணமேடையில் நின்றுகொண்டு நான் அவரை மன்னித்தேன். பயத்தில் ஒருநாள் தப்பு செய்தார், பிறகு மறந்துபோனார், மறந்ததற்குப் போய் ஒரு மனுஷனை எத்தனை நாள் வெறுப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தீசிஸ் முடியவில்லை. திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். வீட்டுக்காரர் நல்லவர், குறை சொல்வதற்கில்லை. பிள்ளைகளுக்குப் பிராக்டிகல் சொல்லிக்கொடுக்கும்போது, ரீடிங் எடுப்பதற்கு முன்னால் சொல், எடுத்த பிறகு காரணம் சொல்லாதே என்று நான் கத்துவது வழக்கம். யாருடைய பேச்சு அது என்று அவர்களுக்குத் தெரியாது.

கல்யாணமாகி ஏழெட்டு வருடம் கழித்து, மதுரை வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அம்மா பரணைக் காலி செய்யச் சொன்னார். என் ஆராய்ச்சிச் சாமான் ஒரு அட்டைப்பெட்டியில் இருந்தது. அண்ணன் நூல் கட்டி அடுக்கிய உறைகள். தூக்கிப் போடத்தான் எடுத்தேன். சும்மா ஒன்றைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினேன். அந்த நாற்பத்திரண்டில் ஒன்றின் கீழ்ப்பாதி. அதுவரை நான் கீழ்ப்பாதிகளைக் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை.

துண்டின் அடிமுனையில், வைஸின் வாய்க்குள் மறைந்துபோகிற இடத்தில், கடுகளவுக்குச் சிவப்பாக ஏதோ இருந்தது. ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். பெருக்கல் குறி.

அடுத்த உறையைப் பிரித்தேன். அதிலும் இருந்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தேன். நாற்பத்திரண்டிலும் இருந்தது. பிறகு தீபாவளி மழைக்கு முந்தைய உறைகளைத் தேடி எடுத்தேன், உண்மையான மண்ணில் செய்தவற்றை. அவற்றின் அடியில் ஒன்றிலும் குறி இல்லை.

மறந்துட்டேன் என்றாரே, மொட்டை மாடியில் நின்று, சத்தியம் செய்து! எட்டு மாதம், ஒவ்வொரு துண்டாக, இது ஆகாது என்று தெரிந்து, உடைப்பதற்கு முன்னாலேயே குறி போட்டிருக்கிறார். அவருடைய விதியை அவர் ஒருநாள்கூட மீறவில்லை. பெண் பார்க்க வருகிறவர்களிடம் முன்னாடியே சொல் என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு எனக்குப் புத்தி சொன்ன வாரமும் குறி போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மைசூர்பாகு தின்ற கையால் போட்டிருக்கிறார். வைஸிடம் சொல்லியிருக்கிறார், உறையிடம் சொல்லியிருக்கிறார், ஒரு கை தூரத்தில் நோட்டோடு நின்ற என்னிடம் சொல்லவில்லை. அடப்பாவி, நிஜமாகவே மறந்திருந்தால் உன்னை மன்னித்த அந்த மன்னிப்பாவது என்னோடு இருந்திருக்குமே.

நோட்டும் பெட்டிக்குள்தான் இருந்தது. திறந்து பார்த்தேன். குறியைப் போட்டுவிட்டு, துண்டை வைஸில் இறுக்கிவிட்டு, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, "நல்ல பீசு, எழுதிக்க தங்கச்சி" என்று நாற்பத்திரண்டு தடவை சொல்லியிருக்கிறார். நாற்பத்திரண்டு தடவையும் நான் எழுதியிருக்கிறேன், அழகான கையெழுத்தில்.